நார்மல் ஃபைல்

ஜூலை 1, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. அட்டையில் ஒரு ஈரலின் படம் போட்டிருக்கிறது. ஆறு மாதம் காலியாகக் கிடந்தது. இன்று ஸ்கேன் சென்டரில் என்னை நிரந்தரம் செய்து நீலக் கோட்டு கொடுத்தார்கள். கோட்டு இரண்டு அளவு பெரியது. அதைக் கொண்டாடும் விதமாக எழுதத் தொடங்குகிறேன்.

என் வேலையை அம்மாவுக்கு இதுவரை விளக்க முடியவில்லை. இங்கே முயன்று பார்க்கிறேன். டாக்டர் ராமசுப்பு திரைக்கு அந்தப் பக்கம் நோயாளியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொல்வார். திரைக்கு இந்தப் பக்கம் நான் கணினியில் அடிப்பேன். முழுவதும் அடிக்க வேண்டியதில்லை. 'நார்மல் ஃபைல்' என்று ஒன்று இருக்கிறது. அதில் ஈரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல், இரண்டு சிறுநீரகம், கர்ப்பப்பை எல்லாம் நார்மல் என்று ஏற்கெனவே அடித்திருக்கும். பெயர், வயது, அளவுகளை மாற்றிவிட்டு, டாக்டர் எது சரியில்லை என்கிறாரோ அந்த வரியை மட்டும் திருத்த வேண்டும்.

சீனியர் ஜெபராணி அக்கா முதல் நாளே சொன்னார்: "வர்றவுக எல்லாரும் நல்லாத்தான் இருக்காகன்னு வச்சுக்க. டாக்டர் இல்லன்னு சொன்னா மட்டும் கைய வை."

இன்று இருபத்தெட்டு ரிப்போர்ட். கழுத்து வலி.

ஜூலை 2, செவ்வாய்

ஆங்கிலம் வராது என்பதால் நான் யாரிடமும் பேசுவதில்லை என்று ஜெபா அக்கா நினைக்கிறார். தமிழிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. "ஏ குரு, இந்த வேலைக்கு நாப்பது வார்த்த தெரிஞ்சாப் போதும் புள்ள. அதுல பாதி நார்மல்" என்றார்.

கல்லூரியில் வாங்கிய கையடக்க அகராதியைப் பார்த்தேன். வழக்கமான, இயல்பான, ஒழுங்கான என்று மூன்று பொருள். நான்காவதாகச் 'செங்குத்தான' என்று இருந்தது. அது கணக்குக்காம். இந்த ஒரு வார்த்தையை யார் எங்கே சொன்னாலும் குறித்துவைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

டீக்கடையில், ஸ்பெஷலா நார்மலா? பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில் கேட்டால், கூலிங்கா நார்மலா? வரிசையில் நின்ற ஒருவன் போனில், "வீடியோ வேண்டாம், நார்மல் கால் போடு." மேனேஜர் திரவியம் சார் என்னிடம், "கோட்டு எங்கம்மா? நார்மல் டிரெஸ்ல உக்காந்திருக்க?"

காத்திருக்கும் இடத்தில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "எம் மகளுக்கு ரெண்டும் நார்மல், கத்தி படல" என்றாள். கேட்ட அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் மருமகள் சிசேரியன் போல.

டாக்டர் முழு வார்த்தையையும் சொல்வதில்லை. "நார்ம்" என்பார். மீதியை நாங்கள் முடித்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்ததும் சொன்னாள், சுப்புத்தாய் சித்திக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு மாதமாக வலி என்று. சித்தி சொந்தமில்லை. அம்மாவோடு பதினெட்டு வருடமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து குச்சி அடைக்கிறவள். யாரோ டாக்டர் ஸ்கேன் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

"எங்க ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், எம் மக ஆபீஸ்லயே எடுத்துரலாம்னு. நாளைக்குக் கூட்டியாரேன். நீ கிட்ட இருந்து பாத்துக்க."

நான் டாக்டர் இல்லை, டைப் அடிக்கிறவள் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள்.

ஜூலை 5, வெள்ளி

விடியற்காலை மூன்று மணிக்கு முனிசிபல் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து வருகிறது. அண்டா, குடம், குக்கர் வரை பிடித்துவைத்தோம். அப்படியே வேலைக்குப் போனேன். நல்ல கூட்டம். பதினொன்றரைக்குக் கரண்ட் போய், யு.பி.எஸ்ஸும் நின்றுவிட்டது. மூன்று ரிப்போர்ட்டைத் திரும்ப அடித்தேன்.

சித்தி வந்திருந்தாள். ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது அம்மா அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக, "என்ன போட்டிருக்கு?" என்றாள்.

"நார்மல்" என்றேன்.

அம்மா அதைத் திரும்பச் சொன்னாள், பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கும் கேட்கும்படி. சித்தி என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை முழுக்கத் தீப்பெட்டி மருந்து வாசனை. மத்தியானம் சாப்பிடும்போதும் அந்த வாசனை இருந்தது.

முப்பத்தொன்று.

ஜூலை 7, ஞாயிறு

துணி துவைத்தேன். அரிசி புடைத்தேன். சித்தி கால் கிலோ சேவு வாங்கிக்கொண்டு வந்தாள். ரிப்போர்ட்டை லேமினேட் செய்துவிட்டாளாம். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், என் முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாமே அந்த ஜெராக்ஸ் கடையில்தான் லேமினேட் ஆகியிருக்கின்றன. ஸ்கேன் ரிப்போர்ட்டையும் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

"சாமி படத்துக்கிட்ட வச்சுட்டேன் குரு. காலைல எந்திரிச்சதும் அதுல முழிக்கேன்" என்றாள்.

"எழுதிக் குடுத்த டாக்டர்ட்ட காட்டினீங்களா சித்தி?"

"அவருகிட்ட என்னத்துக்கு? அதான் நார்மல்னு நீயே சொல்லிட்டியே."

ஜூலை 9, செவ்வாய்

இருபத்தாறு. இரண்டு பித்தப்பைக் கல், ஒரு குடல்வால். மற்றதெல்லாம் நார்மல்.

ஜூலை 11, வியாழன்

சித்தி மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாளாம். நேற்று சிறுநீர் சிவப்பாகப் போயிற்று என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "சூடு. வேற என்ன? ரிப்போர்ட்டு நல்லாருக்குல்லா" என்று அம்மா இளநீர் குடிக்கச் சொன்னாளாம்.

நார்மல் என்று வந்தவர்களுக்கும் வலி இருக்கும். ஜெபா அக்காவே சொல்லியிருக்கிறார். நிறையப் பேருக்கு அப்படித்தான்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அம்மா குழம்பு கொடுத்துவிட்டாள். சித்தி வீட்டுக்குப் போனேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் ரிப்போர்ட் பளபளவென்று நின்றது, குங்குமப் பொட்டோடு. அதன் பின்னால் சென்டரின் பழைய கவர் இருந்தது. ஸ்கேன் படத்தை யாரும் லேமினேட் செய்வதில்லை, அது கவரிலேயே கிடக்கும். சித்தி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் கவரை எடுத்துப் பார்த்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

கடைசிப் படத்தில் நான்கு பிளஸ் குறிகள். ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றி மேலே, கீழே, இரண்டு பக்கம்.

சிறுநீரகத்தின் நீளத்தை அளக்கவும் குறி வைப்பார்கள். ஆனால் அது இரண்டு குறி. வேறு எதற்காகவும் வைத்திருக்கலாம். நான் டாக்டர் இல்லை.

சாப்பிடாமல் வந்ததற்குச் சித்தி கோபித்துக்கொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சித்தி வந்த அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டது. "லெஃப்ட் கிட்னி, மிட் போல்ல ஒரு மாஸ், த்ரீ பாயிண்ட் ஃபோர். அட்வைஸ் சி.டி." மாஸ் என்றால் கட்டி. அவர் குரல் இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது. கேட்டதை அடித்தேன். அந்த வரியை ஒருமுறை அடித்தேன் என்பது சத்தியம். பிறகுதான் கரண்ட் போனது. வந்ததும் நார்மல் ஃபைலைத் திறந்து பெயர், வயது, அளவுகள் எல்லாம் திரும்பப் போட்டேன். அடித்தாயிற்று என்ற நினைப்பு கையில் இருந்தது. டாக்டர் மத்தியானம் இருபது தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாத்தூருக்குக் கிளம்பிவிட்டார். அங்கேயும் ஒரு சென்டர் இருக்கிறது அவருக்கு.

முப்பது ரிப்போர்ட். ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்தேன். திரவியம் சார், "என்னம்மா, பரீட்சையா எழுதுற?" என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

ஜூலை 17, புதன்

ஜெபா அக்காவிடம் சொன்னேன். மாடிப்படியில் டிபன் பாக்சைத் திறந்து வைத்துக்கொண்டு, சோற்றைப் பார்த்தபடியே சொன்னேன்.

"எனக்கும் ஒரு தடவ ஆயிருக்கு" என்றார் அக்கா. "கர்ப்பப்பைய எடுத்த அம்மாவுக்குக் கர்ப்பப்பை நார்மல்னு குடுத்துட்டேன். அவுக வீட்டுக்காரரு ரிப்போர்ட்டத் தூக்கிட்டு வந்து, 'திரும்ப மொளச்சிருச்சாம்மா?'ன்னு கேட்டாரு. சென்டரே சிரிச்சுச்சு." சோற்றை மூடினார். "இது சிரிக்கிறது இல்ல குரு. எந்திரி."

அக்கா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். மெஷினில் பழைய படங்கள் எல்லாம் இருக்கும். டாக்டர் தேடி எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நானும் படிக்காமத்தான சைன் பண்ணியிருக்கேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். அதற்குள் திரவியம் சார் கதவைச் சாத்தினார்.

"டாக்டர், நீங்க டென்ஷன் ஆவாதீங்க. ஏம்மா, ஒனக்குத் தெரிஞ்ச பொம்பளதான? மெஷின் சர்வீஸ் பண்ணுனோம், அன்னைக்கு வந்த எல்லாருக்கும் ஃப்ரீயா திரும்ப எடுக்கோம்னு போன் போடு. வந்தா புது ரிப்போர்ட்ல சரியாப் போட்டுக் குடுத்துருவோம். வரும்போது பழச மறக்காமக் கொண்டுவரச் சொல்லு."

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நல்ல யோசனை என்றுதான் எனக்கும் தோன்றியது. சித்திக்கு வைத்தியம் கிடைக்கும். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவேண்டாம். எனக்குக் கோட்டு இருக்கும்.

ஜூலை 18, வியாழன்

போன் செய்தேன். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். சித்தி சிரித்தாள்.

"ஓசியா? ஏ புள்ள, ஒங்க ஆபீஸ்ல குடிக்கத் தண்ணி கேட்டதுக்கே வெளிய கடையக் காட்டுனான் அந்த வழுக்கத் தல மேனேஜரு. அவன் ஓசியா ஸ்கேன் எடுப்பானா?"

"மெஷின்ல கோளாறு சித்தி."

"கோளாறான மெஷினா இருந்தா எனக்கு எப்படி நார்மல்னு வரும்? நல்ல மெஷினுதான் அது. இன்னொருக்க எடுத்து எதையாவது கெளப்பி விடுவாக. சும்மா இரு நீயி."

வைத்துவிட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

மீண்டும் செய்தேன், எடுக்கவில்லை. சாயங்காலம் அம்மா என்னைத்தான் திட்டினாள். "அவளப் போட்டு ஏன்ட்டி பாடா படுத்துத? ஒங்க மொதலாளிக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கியா நீ? ஆபீஸ்ல ஒரு மாதிரி பேசுதாளுக."

திரவியம் சார், "பத்து நாள் விட்டுக் கூப்பிடுவோம். அவசரமில்ல" என்றார். அவசரமில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிறவள் இல்லை.

சித்தி நம்புவது என்னையோ மெஷினையோ அல்ல. தாளில் இருக்கும் அந்த ஒரு வார்த்தையை. அதைத் தாளில் வைத்தது யார் என்று சொல்லாமல் அவளை அங்கிருந்து எழுப்ப முடியாது. மூன்று நாளாக வேறு வழி யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அசதியாக இருக்கிறது.

ஜூலை 20, சனி

மத்தியான இடைவேளையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். சின்ன வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனது, பிறகு போனதில்லை. நாற்பது பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பட்டதாரி வந்திருக்கா, எல்லாரும் எந்திரிங்கட்டி" என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு. போகும் வழியில் சித்தி வீட்டில் நுழைந்து அவள் மகளிடம் கேட்டு ரிப்போர்ட்டையும் கவரையும் வாங்கி வந்திருந்தேன். என் கையில் அதைப் பார்த்ததும் சித்திக்கு முகம் மாறிவிட்டது.

"சாமிகிட்ட இருந்தத ஏன் எடுத்த?"

"சித்தி, இதுல தப்பாப் போட்டிருக்கு."

சத்தம் போதவில்லை. "என்ன?" என்றாள். திரும்பச் சொன்னேன். இந்த முறை பக்கத்து வட்டத்துக்கும் கேட்டுவிட்டது.

"மெஷின் தப்பாக் காட்டிருச்சாக்கும்."

"மெஷின் சரியாக் காட்டிச்சு. டாக்டரும் சரியாச் சொன்னாரு. இடது கிட்னில ஒரு கட்டி இருக்கு. பெரிய ஸ்கேன் எடுக்கணும்னாரு. நான் அத அடிக்கல. மத்ததெல்லாம் முன்னாலயே அடிச்சுக் கெடக்கும், இத நான் மாத்தல. மெஷின் கோளாறுன்னு போன்ல சொன்னதும் பொய்."

அம்மா டிபன் பாக்ஸ் மூடியைக் கீழே வைத்தாள். "கரண்டு போச்சுல்லா? அன்னைக்குக் கரண்டு போச்சுன்னு சொன்னியே" என்றாள், என்னைப் பார்க்காமல், எல்லாருக்கும் சொல்வதுபோல. "விடியக்காலம் தண்ணி பிடிச்ச பிள்ள, தூக்கமில்ல."

"கரண்ட் போச்சும்மா. திரும்ப அடிச்சது நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. படத்தை எடுத்து அந்த நான்கு குறிகளையும் காட்டினேன். சித்தி அதைப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டை வாங்கிக் கிழிக்கப் பார்த்தாள். லேமினேட் செய்தது கிழியவில்லை. வளைத்தாள். மடங்கி, திரும்ப நிமிர்ந்துகொண்டது. இரண்டாம் தடவையும் முயன்றுவிட்டு மடியில் போட்டுக்கொண்டாள். குங்குமம் அவள் விரலில் ஒட்டியிருந்தது.

"பதினஞ்சு நாளு" என்றாள். "பதினஞ்சு நாளு அதுல முழிச்சேன்."

அம்மா எழுந்து கைகழுவப் போனவள் மணி அடித்த பிறகும் திரும்பி வரவில்லை. நான் வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 22, திங்கள்

சித்தியும் அவள் மகளும் வந்தார்கள். டாக்டரே திரையை விலக்கி அவளை உட்காரவைத்துப் பேசினார். "நானும் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்மா" என்று கடைசியில் சொன்னார். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குத் தன் கையால் கடிதம் எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டை ஜெபா அக்கா அடித்தார், நார்மல் ஃபைலைத் திறக்காமல், வெற்றுத் தாளிலிருந்து.

திரவியம் சார் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். "அது எங்க வீட்ல இருக்கட்டும்" என்றாள் சித்தி.

என்னை ஒரு மாதம் வரவேண்டாம் என்றார்கள். அதன் பிறகு பார்க்கலாமாம். கோட்டை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

வீடு பெருக்கினேன். மிளகாய் காயப்போட்டேன். தண்ணீர் வரவில்லை.

ஜூலை 25, வியாழன்

சித்தி மகளுக்குக் கல்லூரியில் பரீட்சை. அம்மா அதிகாலையில் என்னை எழுப்பினாள். "நீ போ. நான் போனா அழுதுருவேன், அவளும் அழுவா. நீ பேசாம உக்காந்திருப்ப. அங்க இங்கிலீஷ்ல எதையாவது எழுதியிருந்தாலும் வாசிப்ப."

திருநெல்வேலி வரை சித்தி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பதிவுச் சீட்டு எடுத்தது, படிவம் நிரப்பியது, சி.டி. அறைக்கு வெளியே அவள் செருப்பையும் தோட்டையும் வைத்துக்கொண்டு நின்றது எல்லாம் நான். அவள் வேண்டியதைக் கையால் மட்டும் காட்டினாள்.

மூன்று மணிக்கு ஆபரேஷன் டாக்டர் கூப்பிட்டார். கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கிறது, வெளியே பரவியதாகத் தெரியவில்லை, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார். இன்னொரு சிறுநீரகம் நன்றாக இருக்கிறதாம். நான் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சார், சரியான ரிப்போர்ட் வர பதினேழு நாள் லேட் ஆயிருச்சு. அதனால எதும்..."

"அத இனிமே பேசி என்னம்மா செய்ய? திங்கட்கிழமைய விட்றாதீங்க."

அவர் கொடுத்த தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். வலது சிறுநீரகம் என்ற இடத்தில் அந்த வார்த்தை இருந்தது. மூன்று தடவை படித்தேன். எப்படி வந்தது, யாராவது அடித்ததா, முன்பே அங்கே கிடந்ததா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"சார், வலது பக்கத்தையும் நீங்க படத்துல பாத்தீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு படத்தை விளக்கில் மாட்டி, பேனாவால் தொட்டுக் காட்டினார். சித்தியும் எட்டிப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டில் சித்தி ஒரு தூணில் சாய்ந்துகொண்டாள். உதடு வறண்டிருந்தது. காலையிலிருந்து ஸ்கேனுக்காக வெறும் வயிறு. நான் கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டேன்.

"கூலிங்கா, நார்மலா?"

நான் நின்றேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கடைக்காரர் இன்னொரு தடவை கேட்டார். குளிர்ப்பெட்டிக்கு வெளியே அடுக்கியிருந்ததை விரலால் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

தூணிலிருந்து சித்தியின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

"அவ இனி அந்த வார்த்தையச் சொல்ல மாட்டா. நார்மலே குடுங்கண்ணே."

பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, பாதி குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மீதியை என் பக்கம் நீட்டினாள்.

"குடி. நீயும் காலைலருந்து ஒண்ணும் குடிக்கல. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

குடித்தேன். வெதுவெதுவென்று இருந்தது.